இரத்மலானையில் ஏறி பலாலியில் இறங்க: வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு

அம்மாவையோ அப்பாவையோ கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எப்படிக் கூட்டிப்போவது என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காசு கட்டுப்படியானால், கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் பறக்கும் சின்ன விமானத்தை எடுங்கள். இரவு பஸ்ஸில் எட்டு மணி நேரம் காலைத் தொங்கப் போட்டபடி போய், விடிய இறங்கும்போது செருப்புக்குள் பாதம் நுழையாமல் நிற்கும் வயதானவர்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

வெள்ளவத்தைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இரத்மலானை மிகவும் வசதி. கட்டுநாயக்காவுக்குப் போவதுபோல நகரத்தைக் கடந்து போக வேண்டாம். காலி வீதியால் தெகிவளை, கல்கிசை தாண்டினால் வந்துவிடும். விடியவென்றால் ஓட்டோவிலேயே போகலாம். 1935 இல் திறந்த இடம் இது. கட்டுநாயக்கா வரும்வரை நாட்டின் சர்வதேச விமான நிலையமும் இதுதான். ஏர் சிலோனின் முதல் பறப்பு 1947 டிசம்பரில் இங்கிருந்து கிளம்பி, வடக்கே காங்கேசன்துறையில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. இப்போது அமைதியான சின்ன நிலையம். வாசலிலிருந்து விமானம் வரை நடக்கும் தூரம் குறைவு. முழங்கால் வருத்தக்காரருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

உள்ளே போனதும் பொதியை நிறுப்பார்கள். அப்புறம் ஆளையும் நிறுப்பார்கள். நான் கூட்டிப்போன என் அம்மா கைப்பையைப் பிடித்தபடி தராசுக்கு முன்னால் நின்றுவிட்டார். “என்னையும் நிறுக்கவேணுமோ?” என்று கேட்டார். மேசையில் இருந்த சிங்களப் பிள்ளை எழும்பி வந்து, அம்மாவின் முழங்கையைப் பிடித்து, “ஓம் அம்மா, எல்லாரும்தான்” என்று தமிழில் சொன்னது. அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். நிறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் போனது செஸ்னா கரவான். பத்துப் பன்னிரண்டு பேர்தான் ஏறலாம். இவ்வளவு சின்ன விமானத்தில் பாரம் முன்னுக்கும் பின்னுக்கும் சரியாகப் பகிர்ந்திருக்க வேண்டும். அதனால் யார் எங்கே இருப்பது என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். நடக்கக் கஷ்டப்படுகிறவர் என்றால் டிக்கெற் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். எங்களுக்குக் கதவுக்குப் பக்கத்து இருக்கையை ஒதுக்கித் தந்தார்கள்.

ஏறுவதுதான் சிரமமான கட்டம். பின்பக்கக் கதவோடு சேர்ந்த படி ஒடுக்கமானது. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, குனிந்தபடி போய் இருக்க வேண்டும். கழிப்பறை இல்லை. இதை யாரும் முதலே சொல்வதில்லை, நான் சொல்கிறேன்: ஏறுவதற்குச் சற்று முன் கூட்டிப்போய்விட்டு வாருங்கள், தேத்தண்ணியை இறங்கிய பிறகு குடிக்கலாம். ஒற்றை இயந்திரம், சத்தம் அதிகம். காதுக்குப் பஞ்சு நல்லது.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், எங்கள் ஆட்களிடம் அது இருக்கிறது. 1998 செப்டம்பர் 29 இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய விமானம் மன்னார்க் கடலில் விழுந்து, அதிலிருந்த 55 பேரும் இறந்துபோனார்கள். அம்மா அதை மறக்கவில்லை. விமானம் ஓடத் தொடங்கியதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அந்தப் பாதையில் போனவர்களுக்கு வேறு நல்ல வழியும் இருக்கவில்லை. பிறகு 2006 ஆகஸ்டில் முகமாலைச் சோதனைச்சாவடியோடு, குடாநாட்டுக்குத் தரைவழியான ஏ9 வீதி மூடப்பட்டபோதும் அதே கதைதான். மூன்று வருடத்துக்குக் கிட்ட, குடாநாட்டுக்குப் போக வர விமானமும் கப்பலும்தான். வருத்தக்காரர், வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைகள், செத்த வீட்டுக்கு ஓடுகிறவர்கள் எல்லோரும் அனுமதி எடுத்து, சோதனைக்கு மேல் சோதனை தாண்டித்தான் அந்த ஓடுபாதைக்கு வந்தார்கள். அதே பாதையில் இன்று அடையாள அட்டையைக் காட்டிவிட்டு ஏறுகிறோம். இந்தச் சேவையை நான் இவ்வளவு மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேலே போனதும் அம்மாவின் பயம் குறைந்தது. கரவானின் இறக்கை உடம்புக்கு மேலே இருப்பதால் எந்த யன்னலிலும் கீழே வடிவாகத் தெரியும். உயரமாகப் பறப்பதும் இல்லை. நாங்கள் போன அன்று மேற்குக் கரையை ஒட்டியே போனார்கள்: நீர்கொழும்புக் களப்பு, புத்தளத்தின் உப்பளங்கள், பிறகு வில்பத்துக் காடு. முகிலுக்குள் நுழைந்தபோது நன்றாகக் குலுக்கியது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. கடைசியில் பூநகரியும் யாழ்ப்பாணக் கடனீரேரியும் கடந்து தாழ இறங்கும்போது செம்மண் தோட்டங்கள் வந்தன. அம்மாவின் ஊர் வசாவிளான். 1990 இல் போரால் ஊரைவிட்டு எழும்பிய சனம். “அங்கை பனை நிக்குதடி” என்று கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினார். தோட்டத்துக்கு நடுவே பற்றை மூடிக் கூரையில்லாத சுவர்களும் தெரிந்தன. இந்த ஓடுபாதையைச் சுற்றியிருந்த எத்தனையோ வீடுகளின் கதை அது. இன்னும் இராணுவத்திடமிருந்து காணி திரும்பக் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்தும் இங்கே வந்து இறங்கலாம். கட்டிடம் சின்னது, பொதி கைக்கு வரச் சுணங்கவில்லை. யாழ்ப்பாணப் பட்டினம் பதினாறு கிலோமீற்றருக்கு மேல். வாகனத்தை முதல் நாளே ஒழுங்கு செய்துவிடுங்கள். வெயிலில் வயதானவரை நிறுத்தி வைத்துவிட்டு வாகனம் தேடுவது வேண்டாத வேலை.

எனக்குக் கோபம் வந்தது டிக்கெற் தந்த நிறுவனத்தின் மீது. காலைப் பறப்பு மத்தியானத்துக்கு மாறியதை முதல் நாள் இரவுதான் அறிவித்தார்கள், அதுவும் ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி. அம்மா இன்சுலின் போடுகிறவர். எத்தனை மணிக்கு ஊசி, எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் திரும்ப யோசிக்க வேண்டியிருந்தது. இந்தப் பாதையில் வயதான தமிழ்ச் சனம் தனியாகவும் பயணம் செய்யும். அவர்களுக்கு அந்தச் செய்தியை யார் வாசித்துக் காட்டுவது? தமிழில் ஒரு அழைப்பு எடுத்தால் போதும், பெரிய செலவு இல்லை. அதைச் செய்யுங்கள் என்று அவர்களிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

பறக்கும் நாட்களும் நேரமும் மாறும், முதல் நாள் பின்னேரம் நீங்களே ஒருக்கால் அழைத்துக் கேளுங்கள். தெரிவு இருந்தால் காலைப் பறப்பையே எடுங்கள். வெயில் ஏறிய பிறகு காற்று விமானத்தை இன்னும் அதிகமாக ஆட்டும்.