டூஷென் குழந்தைகளின் நடமாட்டத்தை அளக்க: பாட்சியா, பெடி-கேட்டா?

டூஷென் தசைச்சிதைவு (தசைகள் வருடா வருடம் தளர்ந்துகொண்டே போகும் மரபணு நோய்) உள்ள பையன்களுக்கு ஆறு நிமிட நடைச் சோதனையும், எழுவது, நிற்பது, ஓடுவது போன்றவற்றைச் செய்யச் சொல்லிப் பார்க்கும் 34 மதிப்பெண்ணுக்கான நார்த் ஸ்டார் சோதனையும் எங்கள் பிசியோதெரபி பிரிவில் வழக்கம். இரண்டுமே நல்லவைதான். ஆனால் நடைச் சோதனையில் வரும் தூரம், பையனின் அன்றைய மனநிலையையும் பொறுத்தது. வீட்டில் குளியலறைக்கு அவன் எப்படிப் போகிறான் என்பதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். அதற்குப் பாட்சி (PODCI), பெடி-கேட் (PEDI-CAT) என்ற இரண்டு கேள்வித் தொகுப்புகளையும் பார்த்துவிட்டு நாங்கள் பெடி-கேட்டை எடுத்தோம்.

பாட்சி அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் உருவாக்கியது. காசில்லை, காகிதமும் பேனாவும் போதும். எண்பதுக்கும் மேற்பட்ட கேள்விகள், நடமாட்டம், வலி என்று ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண். நன்றாக நடக்கும் குழந்தைக்கு இது தாராளமாகப் போதும். என்ன, 'ஒரு மைலுக்கு மேல் நடப்பானா, மூன்று பிளாக் நடப்பானா' என்று கேட்கும். நம் தெருவில் பிளாக் எங்கே முடிகிறது என்று யாருக்குத் தெரியும்?

பெடி-கேட் 2012 வாக்கில் வந்தது, கணினியில் ஓடுவது. முந்தைய பதிலை வைத்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். சுருக்க வடிவத்தில் ஒரு பகுதிக்கு 15 கேள்விக்கு மேல் போகாது. கட்டணம் உண்டு, அது உறுத்தல்தான். பதில்களில் 'சுலபம்' என்றால் உதவியோ கூடுதல் நேரமோ சிரமமோ இல்லாமல் செய்வது. தரையிலிருந்து தொடையைப் பிடித்துப் பிடித்து ஏறி எழும் பையனைப் பற்றி அம்மா, "அதெல்லாம் எந்திரிச்சிடுவான் சார்" என்பார். "எவ்வளவு நேரம் ஆகுதும்மா?" என்று கேட்டால்தான் அது 'கொஞ்சம் கஷ்டம்' ஆகும். பாட்சியிலும் இப்படித் தரம் பிரிக்கலாம், அதில் சண்டையில்லை.

எங்களை முடிவெடுக்க வைத்தது வேறு: நடை நின்ற பிறகு என்ன அளப்பது? பாட்சியின் நடமாட்டப் பகுதிகள் நடை, படி, ஓட்டம் ஆகியவற்றின் மேல்தான் பெரிதும் நிற்கின்றன. வீல்சேருக்கு வந்த பையனின் மதிப்பெண் அடிமட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த வருடம் அவன் இன்னும் தளர்ந்தாலும் எண் அசையாது. பெடி-கேட்டின் நடமாட்டப் பகுதியில் மட்டும் 97 கேள்விகள் இருப்பில் உள்ளன. தலை திருப்புவது, சாயாமல் உட்காருவது வரை கீழே இறங்கும். வீல்சேருக்கென்றே தனிக் கேள்விகளும் உண்டு. பத்து வருடம் தொடர வேண்டிய குழந்தைக்கு நடுவில் அளவுகோலை மாற்ற வேண்டாம்.

அதிலும் ஒரு சிக்கல். பெடி-கேட் இரண்டு மதிப்பெண் தரும். ஒன்று வயதோடு ஒப்பிட்டது, சராசரி 50. இன்னொன்று வயதோடு ஒப்பிடாமல், குழந்தை செய்வதை மட்டும் வைத்து 20 முதல் 80 வரை தரும் அளவு மதிப்பெண். ஏழு வயதில் செய்ததையெல்லாம் எட்டு வயதிலும் செய்கிறான் என்றால், தளர்ச்சியைத் தள்ளிப்போடத் தரும் ஸ்டீராய்டு மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட வேண்டும். ஆனால் சக வயதுப் பிள்ளைகள் முன்னேறிவிடுவதால் வயது மதிப்பெண் இறங்கும். அதைப் பெற்றோரிடம் காட்டினால் அன்று வீட்டில் சோறு இறங்காது. நாங்கள் காட்டுவது அளவு மதிப்பெண்ணை மட்டும். அப்புறம், பதில் சொல்பவர் ஒவ்வொரு முறையும் ஒருவராகவே இருக்கட்டும். எப்போதும் தூக்கிவிடும் பாட்டிக்கு, பேரன் தானாக எழுவானா என்பதே தெரியாது.

ஆங்கிலக் கேள்விகளை நாங்கள் தமிழில் சொல்லித்தான் கேட்கிறோம். அதனால் ஒரே பையனின் பழைய எண்ணோடு ஒப்பிடுவேன். வெளிநாட்டு ஆய்வு எண்களோடு ஒப்பிடத் துணிய மாட்டேன். இடுப்பு, தோள்பட்டைத் தசைகளைப் பாதிக்கும் மற்ற தசைச்சிதைவு வகைகளில் எங்களிடம் வந்த குழந்தைகள் குறைவு, அவர்களுக்கும் இதுவே சரி என்று சொல்ல மாட்டேன். பாட்சியை முழுக்க ஒதுக்கிவிடவும் இல்லை. வலியைப் பற்றி பெடி-கேட் கேட்பதேயில்லை, அந்த ஒரு பகுதிக்குப் பாட்சித் தாள் இன்னும் மேசையில்தான் இருக்கிறது.