கியூஆர் பட்டையா, பேர் வெட்டிய எஃகுக் காப்பா? அம்மாவுக்காக நாங்கள் எடுத்த முடிவு

எங்கள் வீடு மும்பை சயானில், தரைத்தளம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பதிவானதே, அன்று அப்பாவின் மருத்துவ ஃபைல் தண்ணீரில் ஊறிக் கூழாகிவிட்டது. இப்போது அம்மாவுக்கு இதயத்தில் உலோக வால்வு, தினமும் வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை), பென்சிலின் ஒவ்வாமை வேறு. மழைக்காலத்தில் வீட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால் இந்த விவரங்கள் அவர் உடம்போடு இருக்க வேண்டும்.

கழுத்தில் மாட்டும் பென் டிரைவை யோசித்ததுமே விட்டுவிட்டோம். முன்பின் தெரியாத டிரைவைத் தங்கள் கணினியில் செருக எந்த மருத்துவமனையும் தயங்கும்.

முதலில் வாங்கியது கியூஆர் பட்டை: கையில் கட்டும் பட்டையில் உள்ள குறியை போனில் ஸ்கேன் செய்தால், அம்மாவின் விவரங்கள் உள்ள இணையப் பக்கம் திறக்கும். விலை குறைவு, டிஸ்சார்ஜ் சம்மரி, ஈசிஜி என்று எல்லாவற்றையும் ஏற்றி வைக்கலாம். படிக்க போனும் நெட்வொர்க்கும் வேண்டும் என்பது தெரிந்ததுதான். எங்களைக் கவிழ்த்தது அதைப் பராமரிப்பது. ரத்தப் பரிசோதனையில் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண்) மாறும்போதெல்லாம் வார்ஃபரின் அளவும் மாறும். அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு தடவையும் நான்தான் திருத்த வேண்டும். எட்டாவது மாதம் ஸ்கேன் செய்து பார்த்தால் 5 மி.கி. என்று இருந்தது, அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்ததோ 3 மி.கி. பதறிவிட்டேன். தப்பான அளவைக் காட்டுவதற்கு, ஒன்றும் காட்டாமலே இருந்திருக்கலாம். வருடச் சந்தா கட்ட மறந்தால் பக்கமே திறக்காது.

அப்புறம்தான் எஃகுக் காப்பு. பாத்திரக் கடையில் பேர் வெட்டுவார்களே, அதே மெஷினில் வெட்டித் தந்தார்கள். மாறாததை மட்டும் வெட்டச் சொன்னோம்: பெயர், உலோக வால்வு, வார்ஃபரின், பென்சிலின் ஆகாது. அளவு இல்லை. ரத்த வகையும் இல்லை, எப்படியும் பரிசோதித்துவிட்டுத்தான் ரத்தம் ஏற்றுவார்கள். எல்லாம் ஆங்கில எழுத்தில், இங்கே தமிழ் யார் படிப்பார்கள்? இரண்டு போன் எண்கள்: ஒன்று என்னுடையது, இன்னொன்று திருநெல்வேலியில் இருக்கும் சித்தியுடையது. 2005இல் உள்ளூர் போன்கள் கிடைக்காமல் தவித்தது நினைவிருக்கிறது. "என் வியாதியை ஊருக்கெல்லாம் காட்டணுமா?" என்றார் அம்மா. அதனால் விவரம் உள்பக்கம், வெளியே மருத்துவக் குறி மட்டும்.

மாத்திரை அளவு ஜிப் கவருக்குள் ஒரு தாளில், தேதியோடு. பரிசோதனை முடிந்து வந்ததும் அம்மாவே பேனாவால் அடித்து எழுதிவிடுகிறார். என்னை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

குறையும் உண்டு. எம்ஆர்ஐ என்றால் காப்பைக் கழற்றியாக வேண்டும், அப்போது யாராவது பத்திரப்படுத்த வேண்டும். நிஜமான வெள்ளத்தில் இது எவ்வளவு உதவும் என்று எங்களுக்கு இன்னும் அனுபவம் இல்லை. ஒருமுறை அம்மா வழுக்கி விழுந்து கேஷுவாலிட்டிக்குப் போனபோது, நர்ஸ் காப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஊசி போடும் முன்பே வார்ஃபரின் பற்றிக் கேட்டார். புற்றுநோய் போல நீண்ட சிகிச்சை வரலாறு உள்ளவர்களுக்குக் கியூஆர் பட்டை பொருந்தலாம். அதைத் திருத்த வீட்டில் ஒருவர் தவறாமல் உட்கார வேண்டும்.