ஷேர்பாயின்ட்டில் அழிய மறுக்கும் கோப்புகள்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

"எனக்கு முழு அனுமதி இருக்கிறது, ஆனாலும் அழிக்க முடியவில்லை." அலுவலகக் கோப்புகளைத் தளங்களாகப் பிரித்துச் சேமித்துப் பகிர உதவும் மைக்ரோசாஃப்ட்டின் ஷேர்பாயின்ட்டை நிர்வகிக்கும் எவருக்கும் பழகிப்போன புகார் இது. உடனே அனுமதிப் பட்டியலைத் திறந்து துழாவுவார்கள். பல ஆண்டுகள் இதோடு புழங்கிவிட்ட நான் இப்போது அந்தப் பக்கம் கடைசியாகத்தான் போகிறேன். குறிப்பிட்ட காலம்வரை கோப்புகளை அழியவிடாமல் வைத்திருக்கச் சொல்லும் தக்கவைப்பு விதிக்கு முன்னால் தலைமை நிர்வாகியின் அதிகாரமும் செல்லாது.

ஒரு தளத்தையே அழிக்க முயன்றால், இணக்கக் கொள்கை (பெரும்பாலும் இந்தத் தக்கவைப்பு விதிதான்) தடுக்கிறது என்று பிழைச் செய்தி சொல்லிவிடும். எந்தக் கொள்கை என்பதை நாம்தான் தேட வேண்டும். இந்தக் கொள்கைகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் பர்வியூவில் இருக்கும் 'பாலிசி லுக்கப்' பக்கத்தில் தளத்தின் முகவரியைக் கொடுத்தால், அதற்குப் பொருந்தும் கொள்கைகள் தெரியும். பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும், சிக்கலே அங்கேதான். தக்கவைப்பும் அழிப்பும் மோதினால் தக்கவைப்பே வெல்லும். இரண்டு தக்கவைப்புகள் மோதினால் நீண்ட காலத்துக்கு உரியது வெல்லும். ஓராண்டுக் கொள்கையை நீக்கிவிட்டு ஏழாண்டுக் கொள்கையைக் கவனிக்காமல் விட்டால் பிழை அசையாது. வழக்குக்காக அழிப்பைத் தடுத்துப் போடப்பட்ட நிறுத்திவைப்பு ஏதும் இருக்கிறதா என்பதையும் தனியாகப் பார்த்துவிட வேண்டும்.

கோப்பு அளவில் நடப்பது இன்னும் சூட்சுமமானது. கொள்கை மட்டும் இருந்தால் பயனர் தாராளமாக அழிக்கலாம். பிழை எதுவும் வராது. ஆனால் ஒரு பிரதி 'பிரசர்வேஷன் ஹோல்டு' என்ற மறைவான காப்பு நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த நூலகமும் தளத்தின் சேமிப்பு ஒதுக்கீட்டிலேயே கணக்கிடப்படுகிறது. இடம் காலியாகட்டும் என்று பழைய கோப்புகளை அழித்தவர், அளவு குறையவே இல்லையே என்று குழம்புவது இதனால்தான். தக்கவைப்புக் காலம் முடிந்த பிறகும் கோப்பு இரண்டாம் நிலை மறுசுழற்சித் தொட்டிக்குத்தான் போகிறது. அந்தத் தொட்டியின் ஆயுள் 93 நாள்.

தனிக் கோப்புக்கென்றே தக்கவைப்பு விதியைச் சொல்லும் லேபிள் ஒட்டிய கோப்பு என்றால், அமைப்பைப் பொறுத்து அழிப்பு அங்கேயே தடுக்கப்படலாம். சாதாரண லேபிளைப் பயனரே கழற்றிவிட்டு அழிக்கலாம். கோப்பை ஆவணப் பதிவாக ('ரெக்கார்டு') குறிக்கும் லேபிளைக் கழற்றத் தள நிர்வாகி வேண்டும். அதைவிடக் கடுமையான ஒழுங்குமுறைப் பதிவாக ('ரெகுலேட்டரி ரெக்கார்டு') குறிக்கப்பட்டுவிட்டால் யாராலும் கழற்ற முடியாது. இந்தக் கடைசி வகையை ஆசைப்பட்டு இயக்கிவைக்கும் அலுவலகங்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

தீர்வாக நான் எப்போதும் நாடுவது, கொள்கையை அப்படியே விட்டுவிட்டு, குறிப்பிட்ட தளத்தை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்ப்பது. மாற்றம் நடைமுறைக்கு வர ஏழு நாள் வரை ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து வேறு எதையாவது மாற்றத் தொடங்கினால், எது பலித்தது என்றே தெரியாமல் போகும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கொள்கையை நீக்கினால் காப்பு நூலகத்தில் இருப்பவற்றுக்கு 30 நாள் அவகாசம் கிடைக்கும். தளத்தை விலக்கினால் அந்த அவகாசம் கிடையாது. ஆகவே சட்டப் பிரிவின் ஒப்புதல் எழுத்தில் வராமல் விலக்குப் பட்டியலைத் தொடுவதில்லை.

கொள்கைக்கே 'பிரசர்வேஷன் லாக்' என்ற பூட்டுப் போட்டிருந்தால் இதுவும் உதவாது. பூட்டிய கொள்கையில் தளங்களைச் சேர்க்கலாம், காலத்தை நீட்டலாம்; குறைக்க முடியாது. அப்போது கூடுதல் சேமிப்பிடம் வாங்குவதுதான் மிச்சம்.