முதுகில் 7 மட்டும் போதும்: டல்கிளீஷ் பழைய ஜெர்சி வாங்கிய கதை

இங்கிலாந்துக் கால்பந்து கிளப் லிவர்பூலின் 1977-78 சீசன் ஜெர்சியின் நகல், ஏழாம் நம்பர், ஸ்காட்லாந்து வீரர் கென்னி டல்கிளீஷுடையது. ஆன்லைனில் ஒரு கடையில் 1,450 ரூபாய் கொடுத்து வாங்கி மூன்று மாதம் ஆகிறது. வாங்கலாமா என்று சிலர் கேட்டார்கள், அதற்குத்தான் இது. வாங்கலாம். ஆனால் ஆர்டர் போடும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், நான் கவனிக்கவில்லை.

துணி நன்றாக இருக்கிறது. இப்போது வரும் வழவழப்பான பாலியஸ்டர் இல்லை, கனமான பருத்தி. காலரிலும் கையோரத்திலும் உள்ள வெள்ளைப் பட்டையில் சிவப்புச் சாயம் இறங்கிவிடுமோ என்று முதல் தடவை தனியாக உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் அலசினேன், பத்துப் பன்னிரண்டு தடவை துவைத்தும் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. மார்பில் விளம்பரம் எதுவும் இல்லை, அதுதான் சரி. லிவர்பூல் ஜெர்சியில் ஹிட்டாச்சி பெயர் வந்தது 1979இல். அதற்கு முந்தைய சட்டையில் பறவைச் சின்னத்தைத் தவிர மார்பில் பெரிதாக ஒன்றும் கிடையாது, அந்த வெறுமைதான் அழகு.

இப்போது குறை. முதுகில் 7க்கு மேலே பெரிய எழுத்தில் டல்கிளீஷ் என்று பெயரை அடித்து அனுப்பிவிட்டார்கள். பார்த்ததும் மனசு விட்டுப்போயிற்று. அந்தக் காலத்தில் இங்கிலாந்து லீகில் யார் முதுகிலும் பெயர் கிடையாது, பிரீமியர் லீகில் அது வழக்கமானதே 1993-94 சீசனில்தான். டல்கிளீஷ் லிவர்பூலுக்காகக் கடைசியாகக் களமிறங்கியது 1990 மே மாதம். தன் பெயர் போட்ட சட்டையை அவர் லீகில் ஒருநாள்கூடப் போட்டதில்லை!

இதற்கு ஏன் இவ்வளவு வருத்தம் என்றால், டல்கிளீஷ் ஆட்டமே முதுகில்தான் இருந்தது. அவர் பெரிய வேகக்காரர் இல்லை. கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, இடுப்பை அகட்டி, பின்னால் இடிக்கிற டிஃபெண்டரைத் தள்ளி நிறுத்தி, பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு யார் எங்கே ஓடுகிறார்கள் என்று பார்ப்பார், பிறகு ஒரு திரும்பல், பந்து வலைக்குள் கிடக்கும் அல்லது சக வீரர் இயன் ரஷ் காலுக்குப் போயிருக்கும். அவரைக் காவல் காத்தவர்களுக்கு முகத்தைவிட அந்த 7தான் அதிகம் தெரிந்திருக்கும்.

அந்த எண்ணும் சும்மா கிடைத்ததில்லை. அதுவரை 7 போட்டு ஆடிய கெவின் கீகன் ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்புக்குப் போன பிறகு அவர் இடத்தை நிரப்ப 1977 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்பிடமிருந்து டல்கிளீஷை 4,40,000 பவுண்டுக்கு வாங்கினார்கள், பிரிட்டிஷ் கிளப்புகளுக்கு இடையே அன்றைக்கு அதுதான் உச்ச விலை. கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் பிறந்து, செல்டிக்கின் பரம எதிரியான ரேஞ்சர்ஸின் ரசிகனாக வளர்ந்த பையன், செல்டிக்கிலிருந்து வீட்டுக்கு ஆள் வந்தபோது சுவரில் இருந்த ரேஞ்சர்ஸ் படங்களை அவசரமாகக் கிழித்தான் என்ற கதை பிரபலம். அதே பையன் செல்டிக்கில் 4 லீக் பட்டம் வாங்கிவிட்டுத்தான் லிவர்பூல் வந்தார். வந்த முதல் சீசனின் கடைசியில், 1978 மே 10, வெம்பிளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். சக வீரர் சூனஸ் பந்தைத் தள்ளிவிட, டல்கிளீஷ் எதிரணி கோல்கீப்பர் யென்சன் விழும்வரை காத்திருந்து, அவர் மேல் பந்தை மெல்லத் தூக்கிவிட்டார். பெல்ஜியத்தின் கிளப் ப்ரூஹேவுக்கு எதிராக 1-0. நான் வாங்கியது அந்த வருஷத்துச் சட்டை. அந்தக் காத்திருப்பை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அப்புறம் 1986. லிவர்பூலில் ஆடிக்கொண்டே அணியை நடத்தும் மேனேஜராகவும் இருந்த முதல் சீசனில், 35 வயதில், செல்சி மைதானத்தில் பந்தை மார்பில் வாங்கி அப்படியே அடித்த ஒரே கோலில் லீக் பட்டத்தை முடித்துக் கொடுத்தார், அடுத்த வாரம் அதே ஊர் எதிரி எவர்டனை 3-1 என வென்று எஃப்.ஏ. கோப்பையும் வந்தது. பின்னாளில் மேனேஜராக பிளாக்பர்ன் கிளப்புக்கு 1995இல் வாங்கிக்கொடுத்த லீக் பட்டமும் பெரிய சாதனைதான்.

ஆனால் இந்தச் சிவப்புத் துணியைக் கையில் எடுத்தால் எனக்கு முதலில் நினைவு வருவது 1989. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ஆட்டம் பார்க்க வந்து நெரிசலில் இறந்தவர்கள் 97 பேர். அதன் பிறகு லிவர்பூலின் சொந்த ஆன்ஃபீல்ட் மைதானமே பூக்களாலும் கழுத்துத் துண்டுகளாலும் நிறைந்தது. டல்கிளீஷ் ஒரே நாளில் நான்கு இறுதிச் சடங்குகளுக்குப் போனார். மேனேஜர் வேலையில் அது எங்கேயும் எழுதப்படவில்லை. 1991 பிப்ரவரியில், எவர்டனுடன் 4-4 ஆடி முடித்த இரண்டாம் நாள், உடம்பும் மனசும் தாங்காமல் ராஜினாமா செய்தார். கோல் கணக்கை விட இதற்காகத்தான் அந்த ஊர் அவரை இன்றும் அப்படிக் கொண்டாடுகிறது என்பது என் எண்ணம். 2017இல் ஆன்ஃபீல்டில் ஒரு ஸ்டாண்டுக்கே அவர் பெயரை வைத்தார்கள். பெயர் இருக்க வேண்டிய இடம் அது, சட்டை முதுகு இல்லை.

சரி, ஜெர்சிக்கு வருகிறேன். பெயரை நானே எடுத்துவிட்டேன். மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்துச் சூடாக்கி, ஒவ்வொரு எழுத்தாக உரித்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. பசை தடம் கொஞ்சம் தெரிகிறது, தள்ளி நின்றால் தெரியாது. 7 உறுதியாக இருக்கிறது, ஓரம்கூடப் பிரியவில்லை. சைஸ் மட்டும் வழக்கத்தைவிட ஒன்று கூட்டி வாங்குங்கள், துவைத்ததும் நீளம் குறைகிறது.

அடுத்து ஸ்காட்லாந்தின் கருநீலச் சட்டை வாங்க ஆசை. 102 ஆட்டம், 30 கோல், அந்த ஆட்டக் கணக்கை ஸ்காட்லாந்து ஆண்கள் அணியில் இன்னும் யாரும் தாண்டவில்லை. அதே கடையில் இருக்கிறது. பெயர் இல்லாமல் நம்பர் மட்டும் அடித்துத் தர முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன், முடியும் என்று பதில் வந்தால்தான் பணம் கட்டுவேன்.