செர்ஸ் பட்டைகள்: மாலகைட் பச்சையில் கெட்டி, சாயக்கழிவில் தடுமாற்றம்

தண்ணீரில் கலந்திருக்கும் சாயத்தையும் பூச்சிமருந்தையும் ஆற்றங்கரையிலேயே காட்டிக்கொடுக்கும் என்று சொல்லி விற்கப்படுபவை செர்ஸ் (SERS, பரப்பில் பெருக்கப்பட்ட ராமன் ஒளிச்சிதறல்) பட்டைகள். காகிதம் அல்லது கண்ணாடியின் மேல் வெள்ளி நானோத் துகள்களைப் பூசியிருப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்து, 785 நானோமீட்டர் லேசர் உள்ள கையடக்க ராமன் கருவியால் பார்த்தால், சில நொடிகளில் நிறமாலை வந்துவிடும். வருவது உண்மைதான். எதற்கு வரும், எதற்கு வராது என்பதுதான் பணம் கொடுக்கும் முன் தெரிய வேண்டியது.

1928-இல் கொல்கத்தாவில் ராமன் கண்ட ஒளிச்சிதறல் மிக மங்கலானது. சொரசொரப்பான வெள்ளியில் ஒட்டிய மூலக்கூறிடம் அது பல லட்சம் மடங்கு பெருகுகிறது என்று 1977-இல் உறுதியானது. இதில் முக்கியமான சொல் ‘ஒட்டிய’. மூலக்கூறு வெள்ளியை விட்டுச் சில நானோமீட்டர் தள்ளி நின்றாலே பெருக்கம் போய்விடும்.

விற்பனைத் தாள்களில் மாலகைட் பச்சையும் கிரிஸ்டல் ஊதாவும் ரோடமினும் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். இவை நேர்மின் சாயங்கள்; பெரும்பாலான பட்டைகளின் வெள்ளி சிட்ரேட் போர்த்திய எதிர்மின் பரப்பு. தாமாகவே போய் ஒட்டிக்கொள்ளும். மீன்வளர்ப்புக் குட்டை நீரில் மாலகைட் பச்சையைத் தேடுவோருக்குப் பட்டை நல்ல கருவி. நிறமாலையில் 1617, 1395, 1172 செ.மீ⁻¹ இடங்களில் எழும் முகடுகள் மூன்றும் சேர்ந்து தெரிந்தால் சந்தேகப்படலாம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. இந்தச் சாயத்தின் அமில மாறிலி (pKa) 6.9 அளவில் இருப்பதால், பி.எச். 8 உள்ள குட்டை நீரில் அதன் பெரும்பகுதி நிறமற்ற வடிவுக்கு மாறிவிடும். சொட்டு வைக்கும் முன் நீர்த்த அமிலத்தால் பி.எச்.சை 4 பக்கம் இறக்கிச் சிறிது நேரம் வைக்க வேண்டும். பட்டையோடு வரும் குறிப்புத்தாளில் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

திரம் என்ற பூஞ்சைக்கொல்லிக்கும் பட்டை நன்றாக வேலை செய்கிறது. கந்தகம் வெள்ளியை விடாது. ஆனால் 1380 அருகே எழும் பெரிய முகட்டைப் பார்த்ததும் ‘திரம்’ என்று எழுதிவிடக் கூடாது. வெள்ளியில் ஒட்டும்போது திரத்தின் கந்தகப் பிணைப்பு முறிந்து டைமெத்தில் டைதயோகார்பமேட் ஆகிவிடுகிறது. சிரம் என்னும் மருந்தும் அதே துண்டைத்தான் தருகிறது. ரப்பரைப் பதப்படுத்தவும் இதே குடும்பத்துச் சேர்மங்கள் பயன்படுவதால், ரப்பர் கையுறை பட்ட பட்டை, ரப்பர் மூடி போட்ட குப்பி எல்லாமே பொய்யாகக் கை தூக்கும். பட்டையை இடுக்கியால் மட்டும் எடுங்கள்.

அளவு விஷயத்திலும் நிதானம் தேவை. பட்டை 10⁻⁸ மோலார் வரை பிடிக்கும் என்றால் திரத்துக்கு அது லிட்டருக்கு 2.4 மைக்ரோகிராம். குடிநீரில் தனியொரு பூச்சிமருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு 0.1 மைக்ரோகிராம். இருபத்து நான்கு மடங்கு இடைவெளி! முன்செறிவாக்கம் (அளக்கும் முன் மாதிரியை அடர்த்தியாக்குவது) செய்யாமல் ‘குடிநீர் பாதுகாப்பானது’ என்று சொல்ல இந்தப் பட்டைக்குத் தகுதி இல்லை.

இனி திருப்பூர்ச் சாயக்கழிவு. 2011-இல் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போன கழிவு அது. களக் கருவி என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவதும் அதுதான். பருத்திக்குப் போடுவது ரியாக்டிவ் சாயங்கள். சல்போனேட் தொகுதிகள் இருப்பதால் அவை எதிர்மின், பட்டையும் எதிர்மின். தண்ணீர் கண்ணுக்கே சிவப்பாகத் தெரியும், நிறமாலையில் ஒன்றும் இருக்காது. போதாக்குறைக்கு, அடர்நிறச் சாயத்தொட்டியில் லிட்டருக்கு 40 கிராமுக்கு மேலும் உப்புப் போடுவார்கள். அந்த உப்பு சொட்டு காயும்போது பட்டை மேல் படிகமாகப் படிந்து மறைக்கும். ஸ்பெர்மின் போன்ற நேர்மின் சேர்மத்தை இடையில் சேர்த்தால் நிலைமை மாறும். அதைப் பட்டையோடு தராதவர்கள் ‘ஜவுளிக் கழிவுக்கு ஏற்றது’ என்று அச்சிடுவது வாங்குபவரை ஏய்ப்பது.

பயன்படுத்தும்போது சறுக்கும் இடங்கள் சில. 5 மைக்ரோலிட்டர் சொட்டு காய்ந்தால் சாயம் ஓரத்தில் காப்பிக்கறை வளையமாகச் சேரும். நடுவில் மட்டும் அளந்தால் குறைவாகவும் வளையத்தில் அளந்தால் கூடுதலாகவும் வரும். குறைந்தது ஐந்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். லேசர் திறனைக் கூட்டினால் காகிதம் கருகும். 1350, 1580 பக்கம் இரண்டு அகலமான மேடுகள் எழுந்தால் அது மாசு இல்லை, கரி. பொட்டலத்தைப் பிரித்ததும் காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க ஆரம்பிக்கும் (கொலுசுக்கு ஆகும் அதே கதி). அன்றைக்கே தீர்க்கும் அளவுக்கு மட்டும் பிரியுங்கள்.

‘இல்லை’ என்ற முடிவை நம்ப ஒரே வழி, மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் தேடும் பொருளைத் தெரிந்த அளவில் கலப்பது. மாலகைட் பச்சைக்கு 10⁻⁷ மோலார், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 36 மைக்ரோகிராம், போதும். கலந்த பாதியிலும் முகடு வரவில்லையென்றால் நீரிலுள்ள மட்குப் பொருள்கள் வெள்ளியின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது மற்றப் பாதியின் ‘இல்லை’க்கு மதிப்பில்லை.

ஆய்வக வசதி இருந்தால் பட்டையே வேண்டாம், வெள்ளிக் கூழ்மம் (நீரில் மிதக்கும் வெள்ளி நானோத் துகள்கள்) போதும். ஹைட்ராக்சிலமின் ஹைட்ரோகுளோரைடு 10.4 மில்லிகிராம், சோடியம் ஹைட்ராக்சைடு 12 மில்லிகிராம் இரண்டையும் 90 மில்லி தூய நீரில் கரைத்து, 17 மில்லிகிராம் வெள்ளி நைட்ரேட் கரைந்த 10 மில்லி நீரை அறை வெப்பத்தில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். உறிஞ்சல் முகடு 410 நானோமீட்டர் அருகே ஒற்றையாக வந்தால் சரி. நீண்ட அலைநீளத்தில் இன்னொரு மேடு இருந்தால் துகள்கள் ஏற்கெனவே திரண்டுவிட்டன, கொட்டிவிடுங்கள். அளக்கும்போது 450 மைக்ரோலிட்டர் கூழ்மம், 50 மாதிரி, கடைசியாக 1 மோலார் சோடியம் குளோரைடு 10. உப்பு விழுந்த நொடியிலிருந்து நேரம் எண்ணி, ஒவ்வொரு மாதிரியையும் அதே அளவு நேரம் கழிந்ததும் அளந்தால்தான் ஒப்பிட முடியும். குழாய்த் தண்ணீரில் செய்தால் குளோரைடால் பால்போலத் திரியும். ஹைட்ராக்சிலமின் நச்சு, ஆய்வகத்தின் புகை உறிஞ்சும் பெட்டிக்குள் (fume hood) கையாளுங்கள்.

குட்டை நீரில் மாலகைட் பச்சை, தோட்டத்து ஓடையில் டைதயோகார்பமேட் மருந்து: இவற்றை முதற்கட்டமாகச் சலிக்கப் பட்டையை வாங்கலாம், ‘உண்டு’ என்று வந்ததை எல்.சி.-எம்.எஸ். (நீர்ம நிறப்பிரிகை–நிறை நிறமாலை) என்னும் ஆய்வகச் சோதனையில் உறுதிசெய்துகொள்ளும் ஏற்பாட்டோடு. பென்சீன், பல்வளைய ஹைட்ரோகார்பன்களுக்கு வாங்க வேண்டாம். அவை வெறும் வெள்ளியில் நிற்பதில்லை. ஆர்டர் கொடுக்கும் முன் விற்பவரிடம் இரண்டு நிறமாலைகள் கேளுங்கள்: எதுவும் வைக்காத வெறும் பட்டையுடையது ஒன்று, நீங்கள் அனுப்பிய தண்ணீரில் எடுத்தது ஒன்று.