சிங்கத்தைக் காணோம்: பழைய துப்பாக்கிக்கு ஸ்பேர் தேடுகிறவர்கள் படியுங்கள்

எங்கள் வீட்டில் மருந்து கெட்டித்துச் சுடும் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோர நிலம். பன்றித் தொல்லைக்காகத் தாத்தா உரிமம் வாங்கினார். அப்பாவுக்குப் பிறகு அது என் பெயருக்கு மாறியது. சுட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பது, முடிந்ததும் வாங்கி வருவது, அவ்வளவுதான் அதற்கு வேலை.

அதன் குதிரை, அதாவது கேப்பின் (அடிபட்டதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சின்னச் செம்புக் குப்பி) மேல் அடிக்கிற சுத்தியல், கழுத்தில் விரிசல் விட்டது. கேப்பைச் செருகும் முனையான நிப்பிளும் தேய்ந்து போயிருந்தது. தாத்தா பொருள், சும்மா இருந்தாலும் முழுசாக இருக்கட்டும் என்று விசாரித்தேன். பழம்பொருள் வியாபாரி ஒருவர் தர்மபுரியிலிருந்து தேடிக்கொண்டே வந்துவிட்டார். கையில் எடுத்து ஒரு நிமிஷம் புரட்டினார். “அண்ணா, இது திப்பு காலத்துச் சாமான்” என்றார்.

விழுந்துவிட்டேன். ராயக்கோட்டையையும் கிருஷ்ணகிரி மலையையும் பார்த்து வளர்ந்த நமக்கு எந்தப் பழைய இரும்பும் திப்புவுடையதுதானே. திப்பு இறந்தது 1799-இல். கேப்பு முறைக்கு வித்திட்ட ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஃபோர்சைத்தின் காப்புரிமை 1807-ஆம் வருஷத்தது. செம்புக் கேப்பு புழக்கத்துக்கு வந்ததே 1820-களில்தான். நிப்பிள் வைத்த துப்பாக்கியைத் திப்பு கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாது. அதற்கு முந்தைய, கல்லின் தீப்பொறியில் சுடும் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியைப் பின்னால் கேப்புக்கு மாற்றியதும் உண்டு. ஆனால் அப்படி மாற்றியிருந்தால் மருந்துக் கிண்ணியும் அதன் வில்லும் இருந்த இடத்தில் அடைத்த துளைகள் தெரியும். எங்களுடையதில் ஒன்றும் இல்லை. இதெல்லாம் பணம் போன பிறகு படித்தது.

காலச் சான்றிதழுக்கு 3,500, குதிரைக்கும் நிப்பிளுக்கும் 15,000. “லண்டன்ல இருந்து ஒரிஜினல் வரும். அளவு பார்க்க லாக்கை மட்டும் கழற்றிக் கொடுங்க அண்ணா, துப்பாக்கி உங்ககிட்டயே இருக்கட்டும்.” எவ்வளவு நியாயமான பேச்சு! லாக் என்பது குதிரை, வில், பக்கத் தகடு எல்லாம் சேர்ந்த பாகம். என் கையாலேயே திருகைக் கழற்றிக் கொடுத்தேன்.

நாற்பது நாள் கழித்து லாக் வந்தது, புதுக் குதிரையோடு. தகட்டில் கிரீடம், அதன் கீழே ‘ஜி.ஆர்.’, பிறகு ‘டவர்’ (லண்டன் டவர் ஆயுதசாலையின் பெயர்), 1857. “சுத்தம் பண்ணினதும் எழுத்து மேல வந்துடுச்சு” என்றார். திப்பு எப்படி 1857-க்கு வந்தார் என்றுகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கண்டுபிடித்தவர் ஸ்டேஷன் ஏட்டையா. தேர்தலுக்கு ஒப்படைக்கப் போனபோது துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏங்க, இதுல ஒரு சிங்கம் இருக்குமே, காணோம்?” என்றார். ஒவ்வொரு தேர்தலுக்கும் பார்த்த கண். பழைய தகட்டில் கிரீடத்தைப் பிடித்து நிற்கும் சிங்கம் இருந்தது, கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை. 1808-க்கு முன்னால் கம்பெனி போட்டது இதய வடிவ முத்திரை. சிங்கம் வந்தது அதற்கப்புறம். வருஷத்தையும் கம்பெனியையும் சொல்லும் முகம் அந்தத் தகடுதான். வேலையே அதைக் கழற்றிப் போவதுதான். குதிரை, நிப்பிள், திப்பு எல்லாம் அதற்கான பேச்சு.

வந்த தகட்டின் லட்சணத்தையும் சொல்கிறேன். ‘ஜி.ஆர்.’ என்றால் ஜார்ஜ் மன்னர். 1857-இல் அரியணையில் இருந்தது விக்டோரியா. நாலாம் ஜார்ஜ் 1830-லேயே போய்ச் சேர்ந்தாயிற்று. பழைய கட்டையில் தகடு நகமும் சதையுமாக உட்கார்ந்திருக்கும். இதில் இடைவெளி விட்டு, மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள். துருவோ ஈரத் துணிக்கே கையோடு வந்துவிட்டது. உள்ளே ஒரு நட்சத்திரத் தலைத் திருகு வேறு. அது 1930-களில் வந்த சமாச்சாரம்!

லண்டன் ஒரிஜினல் என்பதும் சும்மா. அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் பெரும்பாலும் கையால் அரம் போட்டுப் பொருத்தியவை. ஒன்றின் பாகம் இன்னொன்றில் அப்படியே உட்காராது. இங்கிலாந்தின் என்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலையில் இயந்திரத்தில் செய்து, மாற்றிப் போடக்கூடிய பாகங்கள் வந்ததே 1850-களின் கடைசியில். அதற்கு முந்தைய துப்பாக்கிக்கு அந்தத் துப்பாக்கியையே பார்த்து அளவெடுத்துச் செய்வதுதான் வழி. அதற்கும் ஆயுதச் சட்டம் 1959-இன்படி பழுதுபார்க்கும் உரிமம் உள்ள கடை வேண்டும். உரிமத்தைக் கண்ணால் பாருங்கள், ரசீது வாங்குங்கள், கொடுப்பதற்கு முன் தகட்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுங்கள்.

வியாபாரிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். சிரித்தார். “கேஸ் கொடுங்க அண்ணா. லைசென்ஸ் துப்பாக்கியோட பாகத்தை யார்கிட்ட கொடுத்தீங்கன்னு உங்களைத்தான் முதல்ல கேப்பாங்க.” அதுதான் அவர் மூலதனம். உரிமம் இல்லாதவரிடம் கொடுத்தது என் தப்பு, அது அவருக்கு முதல் நாளே தெரியும். நானே ஸ்டேஷனில் நடந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்தேன், விசாரணை போகிறது. அவருடைய போன் அன்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது.

யாராவது உங்களிடம் சிங்க முத்திரை போட்ட லாக் தகடு விற்க வந்தால், சிங்கத்தின் வால் பக்கம் பாருங்கள். பட்டாணி அளவுக்கு ஒரு நசுங்கல் இருக்கும். தாத்தா பாறையில் கீழே போட்டதில் விழுந்தது. இருந்தால் வாங்காதீர்கள், ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள்.