புள்ளியா, கோடா, எக்ஸா, முழுசா தேய்க்கிறதா? தெர்மல் பேஸ்ட் போடுற முறைகள் ஒரு அலசல்

கம்ப்யூட்டர் ப்ராசஸரோட சூட்டை கூலருக்குக் கடத்த ரெண்டுக்கும் நடுவுல தடவுற பசைதான் தெர்மல் பேஸ்ட். புது கூலர் வாங்கி மாட்டப் போறவங்க கேக்குற முதல் கேள்வி இதுதான், பேஸ்ட்டை நடுவுல ஒரு புள்ளி வச்சா போதுமா, கோடா இழுக்கணுமா, எக்ஸ் போடணுமா, இல்ல பழைய கார்டு ஒன்ன வச்சு முழுசா இழுத்துத் தேய்ச்சிடணுமான்னு. ஆளுக்கு ஒரு பதில் சொல்லுவாங்க, எல்லாரும் அடிச்சுச் சொல்லுவாங்க. என்னைக் கேட்டா, இதை உங்க கைப்பழக்கம் முடிவு பண்ணக்கூடாது, ப்ராசஸர் மேல இருக்கற உலோக மூடிக்குக் கீழ சிப் எங்க உக்காந்திருக்கு, முதல்ல மூடின்னு ஒன்னு இருக்கா இல்லையா, இந்த ரெண்டும்தான் முடிவு பண்ணணும்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாத்துடலாம். ப்ராசஸரோட மூடியும் கூலரோட அடிப்பக்கமும் கண்ணுக்கு வழவழன்னு தெரிஞ்சாலும் ரெண்டுலயும் நுணுக்கமான மேடுபள்ளம் இருக்கு, ஒன்னு மேல ஒன்னு வச்சா நடுவுல காத்து மாட்டிக்கும். செம்பு வெப்பத்தைக் கடத்துற அளவு 400ன்னு வச்சுக்கிட்டா (மீட்டர் கெல்வினுக்கு இத்தனை வாட்னு கணக்கு), சுமாரான பேஸ்ட் 5, காத்து வெறும் 0.026. இப்போ 100 வாட் வெப்பம், 10 சதுர சென்டிமீட்டர் பரப்பு, நடுவுல 0.05 மிமீ இடைவெளி, அதாவது ஒரு தலைமுடி அளவு கூட இல்ல. அந்த இடைவெளி முழுக்க 5 அளவு பேஸ்ட் இருந்தா அதைத் தாண்டி வர வெப்பநிலை ஏறுறது 1 டிகிரி. 10 அளவு உள்ள விலை கூடின பேஸ்ட் போட்டா அரை டிகிரி. அதே இடத்துல வெறும் காத்து மட்டும் இருந்தா 190 டிகிரிக்கு மேல வருது, அதாவது ப்ராசஸர் அதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுக்கும், இல்ல ஆஃப் ஆயிடும். நிஜத்துல வெப்பம் மூடி முழுக்க சமமா பரவாது, சிப்புக்கு நேர் மேலதான் குவியும், அதனால பேஸ்ட்டுக்குப் பேஸ்ட் வித்தியாசம் இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் கூடும், ஆனா சாரம் இதுதான், சிப்புக்கு மேல காலி இடம் விடாம இருக்கறதுதான் பெரிய விஷயம், மத்ததெல்லாம் ஒன்னு ரெண்டு டிகிரி சமாச்சாரம்.

இதை மனசுல வச்சுக்கிட்டு ஒவ்வொன்னா பாப்போம்.

நடுப்புள்ளி. ஒரு மிளகு அளவு, 4 இல்ல 5 மிமீ, நடுவுல வச்சு கூலரை நேரா இறக்கி அழுத்தினா போதும். இதோட பெரிய பலம், பேஸ்ட் நடுவுல இருந்து வெளிப்பக்கமா பரவும்போது காத்தையும் தள்ளிக்கிட்டே போகும், குமிழ் மாட்டுற வாய்ப்பு ரொம்பக் கம்மி. இன்டெலோட பழைய எல்ஜிஏ1151, 1200 சாக்கெட் (மதர்போர்டுல ப்ராசஸர் உக்கார்ற இடம்) ப்ராசஸருங்க சதுரமா இருக்கும், 37.5 மிமீ, சிப்பும் நடுவுலதான், அதுக்கெல்லாம் இது தாராளமா போதும், அந்த மெஷின் வச்சிருக்கறவங்க வேற யோசிக்கவே வேணாம். பிரச்சனை எங்க ஆரம்பிக்குதுன்னா 2021 கடைசில 12வது தலைமுறையோட வந்த எல்ஜிஏ1700ல, அது 45க்கு 37.5 மிமீ செவ்வகம், நடுப்புள்ளி வட்டமாத்தான் விரியும், அதனால நீளப்பக்கம் ரெண்டு முனையும் காஞ்சு கிடக்கும். அதோட பேஸ்ட் கெட்டியா இருந்தா வட்டம் இன்னும் சின்னதாயிடும், ஆர்க்டிக் கம்பெனியோட எம்எக்ஸ்-4 பேஸ்ட் கொஞ்சம் இளக்கமா இருக்கும் நல்லா விரியும், எம்எக்ஸ்-6 அதைவிடக் கெட்டி, ஒரே அளவு புள்ளி ரெண்டுலயும் ஒரே மாதிரி விரியாது.

கோடு. எல்ஜிஏ1700க்கு இது நியாயமான வழி, ஏன்னா உள்ள இருக்கற சிப்பும் நீளமா குறுகலா இருக்கும், மூடியோட நீளவாக்குலயே படுத்திருக்கும், அதுக்கு மேல அதே திசைல ஒரு கோடு இழுத்தா சூடான இடம் மொத்தமும் முதல்லயே நனைஞ்சிடும். திசை மாத்தி குறுக்கால இழுத்தா நடுப்புள்ளியைவிட பெரிய லாபம் ஒன்னும் இல்ல. ஏஎம்டியோட ரைசன் ப்ராசஸருக்கு கோடு போடுறத நான் சிபாரிசு பண்ண மாட்டேன், காரணம் அடுத்து வருது.

எக்ஸும் அஞ்சு புள்ளியும். இது ரெண்டையும் ஒன்னாவே பேசலாம், ரெண்டும் பண்ற வேலை ஒன்னுதான், மூலைக்கும் பேஸ்ட் கொண்டு போறது. அஞ்சு புள்ளின்னா நாலு மூலை பக்கமா கடுகைவிடக் கொஞ்சம் பெருசா ஒவ்வொன்னு, நடுவுல மிளகு அளவு ஒன்னு. ரைசன் 3000 வரிசைல இருந்து ஏஎம்டி டெஸ்க்டாப்புக்கு வித்த பெரும்பாலான ப்ராசஸர்ல கோர் (கணக்கு போடுற பகுதி) இருக்கற சிப்பு தனி, மத்த இணைப்பு வேலை பாக்குற சிப்பு தனி, கோர் சிப்பு மூடியோட நடுவுல இருக்காது ஒரு ஓரமா தள்ளி இருக்கும், 5900எக்ஸ் 7950எக்ஸ் மாதிரி பெரிய மாடல்ல அதுவே ரெண்டு இருக்கும். சூடு பூரா அந்த ஓரத்துலதான். நடுப்புள்ளி சரியா விரியலன்னா காஞ்சு போற இடம் சரியா அந்தச் சிப்புக்கு மேலயே வந்து நிக்கலாம், அதனாலதான் ரைசனோட ஏஎம்4 சாக்கெட்ல நான் எப்பவும் அஞ்சு புள்ளி பக்கம். கூலர் பண்ற நொக்டுவா கம்பெனி இதுக்குன்னே கூலரை 7 மிமீ தள்ளி மாட்டுற பட்டை விக்கிறாங்க, ஒன்னுல இருந்து மூணு டிகிரி வரைக்கும் குறையும்னு அவங்களே சொல்றாங்க, பேஸ்ட் பிராண்டை மாத்தி மாத்திப் பாக்குறதைவிட அது உருப்படியான வழி.

எக்ஸ் போட்டா கைகளுக்கு நடுவுல காத்து மாட்டிக்காதான்னு நிறைய பேர் பயப்படுறாங்க. மாட்டாது, ஏன்னா நாலு கையும் நடுவுல சேந்திருக்கு, அங்க இருந்து விரியும்போது ரெண்டு கைக்கு நடுவுல உள்ள காத்துக்கு வெளிப்பக்கம் வழி திறந்தே இருக்கு. வட்டமா வளையம் போட்டாத்தான் ஆபத்து, காத்து உள்ளேயே பூட்டிக்கும், வெளிய போக வழியே கிடையாது. எந்த வடிவம் வேணா போடுங்க, மூடின வடிவம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அதுக்கடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட்ல மட்டும் ஒரு சிக்கல் இருக்கு. 2022ல வந்த அந்த ப்ராசஸர் மூடியோட ஓரமெல்லாம் வெட்டு வெட்டா இடம் விட்டிருப்பாங்க, அதுக்குள்ள குட்டி குட்டி கெப்பாசிட்டர் தெரியும். மூலைல பேஸ்ட் கூடினா அதுக்குள்ள போய் இறங்கும். மின்சாரம் கடத்தாத பேஸ்ட்டா இருந்தா அதனால ஒன்னும் கெட்டுப்போகாது, ஆனா அடுத்த தடவை சுத்தம் பண்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். இதுக்கு மூடியைச் சுத்தி வைக்கிற ஒரு பாதுகாப்பு ஃப்ரேம் தனியா கிடைக்குது, அது இருந்தா அஞ்சு புள்ளி, இல்லன்னா நடுவுல ஒரு புள்ளியை மிளகைவிட ஒரு சுத்து பெருசா வச்சு மூலையை விட்டுடுங்க.

முழுசா தேய்க்கிறது. பாக்க ரொம்ப சுத்தமா, தொழில்காரன் வேலை மாதிரி இருக்கும். மூடி உள்ள டெஸ்க்டாப் ப்ராசஸர்ல இதுவும் வேலை செய்யும், தப்பு இல்ல, ஆனா தேய்ச்ச மேற்பரப்புல சின்னச் சின்ன மேடுபள்ளம் விழும், கூலர் இறங்கும்போது அந்தப் பள்ளத்துல காத்து நிக்க வாய்ப்பு இருக்கு, அழுத்தம் சரியா இருந்தா அதுல பாதி வெளிய போயிடும்தான், இருந்தாலும் அழுத்தமே பண்ணித்தர வேலைக்கு நாம எதுக்கு அஞ்சு நிமிஷம் கார்டு வச்சு இழுத்துக்கிட்டு இருக்கணும். ஆனா லேப்டாப், கிராபிக்ஸ் கார்டு மாதிரி மூடியே இல்லாம சிப்பு வெறுமனே இருக்கற இடத்துல கதையே வேற. மறுபடி அதே கணக்குக்கு வாங்க, பரப்பு 10 சதுர சென்டிமீட்டருக்குப் பதிலா ஒன்றரை, மத்ததெல்லாம் அதே. 5 அளவு பேஸ்ட்டுக்கு 6.7 டிகிரி, 10 அளவுக்கு 3.3. மூடி இருந்தப்போ அரை டிகிரியா இருந்த வித்தியாசம் இங்க மூணு டிகிரிக்கு மேல ஆயிடுச்சு, ஒரு மூலை காஞ்சிருந்தாலும் அந்த இடத்துல உள்ள கோர் தனியா கொதிக்கும். அதனால வெறும் சிப்புன்னா மெல்லிசா, மூலை விடாம, முழுசா தேய்ங்க, வேற எந்த முறையும் இங்க கிட்ட வராது. விரலால மட்டும் தேய்க்காதீங்க, கைல உள்ள எண்ணெய்ப் பசை ஒட்டும், க்ரையோநாட் மாதிரி சில பேஸ்ட்டோட தேய்க்கிற கரண்டியே வருது.

கூலரோடயே தடவி வர பேஸ்ட்டைப் பத்தியும் கேப்பாங்க. ப்ராசஸரோடயே பெட்டில வர இன்டெல் ஸ்டாக் கூலர்லயும் ஏஎம்டி ரெய்த் ஸ்டெல்த்லயும் அடில தடவியே வரும், 65 வாட் ப்ராசஸருக்கு அது போதும், அதை வழிச்சுப்போட்டு காசு குடுத்து வேற வாங்கணும்னு அவசியம் இல்ல. ஆனா ஒரு தடவைதான், கழட்டிட்டா துடைச்சிட்டு புதுசு போடணும். அதுக்கு மேலயே இன்னொரு பேஸ்ட்டையும் வைக்காதீங்க.

அளவு கூடினா மோசமா, குறைஞ்சா மோசமா? குறைஞ்சாதான் மோசம், மேல போட்ட கணக்கே சொல்லுது. கூடினா மிச்சம் ஓரத்துல பிதுங்கி வெளிய வரும், அழுத்தம் நடுவுல தடிமனை அதுவா சரி பண்ணிடும். அதனால சந்தேகம்னா ஒரு துளி கூடவே வைங்க.

இனி பேஸ்ட்டே வேணாம்னு வேற வழி தேடுறவங்களுக்கு. லிக்விட் மெட்டல் காலியம் கலந்த உலோகம், அறை வெப்பத்துலயே திரவமா இருக்கும், பேஸ்ட்டைவிட பல மடங்கு கடத்தும், 2020ல வந்த பிஎஸ்5 கேம் மெஷினுக்குள்ள சோனி இதைத்தான் போட்டிருக்காங்க. ஆனா மின்சாரமும் கடத்தும், மதர்போர்டு மேல ஒரு சொட்டு தெறிச்சாலும் ஷார்ட்தான், அலுமினியத்துல பட்டா அதை உள்ள போய் அரிச்சிடும், அலுமினிய அடிப்பக்கம் உள்ள கூலருக்கு இது கூடவே கூடாது. மூடி உள்ள டெஸ்க்டாப்ல மூடிக்கு மேல இதைப் போட்டு எடுக்குற ரெண்டு மூணு டிகிரிக்கு இந்த ரிஸ்க் கட்டுப்படியாகாதுங்கறது என் திடமான கருத்து. மூடிக்கு உள்ள வேற, இன்டெல் 2012ல ஐவி பிரிட்ஜ் ப்ராசஸர் வரிசை வந்தப்போ சிப்புக்கும் மூடிக்கும் நடுவுல ஈயம் மாதிரி பத்தவைக்கிற சால்டரை விட்டுட்டு பேஸ்ட்டைப் போட்டாங்க, அப்போ மூடியைப் பிளந்து லிக்விட் மெட்டல் போட்டவங்களுக்கு நிஜமாவே பெரிய பலன் கிடைச்சுது, 2018ல 9900கே ப்ராசஸர் வந்தப்போ சால்டர் திரும்ப வந்துடுச்சு, அதுக்கப்புறம் அந்த லாபம் ரொம்பச் சுருங்கிப்போச்சு.

லேப்டாப்புக்கு நான் கை காட்டுறது ஹனிவெல் பிடிஎம்7950. மெல்லிசான ஏடு, அறை வெப்பத்துல கெட்டியா இருக்கும், 45 டிகிரி பக்கம் வந்தா இளகி மேடுபள்ளத்தையெல்லாம் நிரப்பிக்கும். வெறும் சிப்புல சாதாரண பேஸ்ட் சூடாகி ஆறி சூடாகி ஆறி கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வெளிய போயிடும், ஆறு மாசம் கழிச்சு மறுபடி லேப்டாப் கத்த ஆரம்பிக்கும்ல, அதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இந்த ஏடு அப்படி நகராது. ஒட்டுறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜ்ல கொஞ்ச நேரம் வச்சா மேல உள்ள பிளாஸ்டிக் சுலபமா உரிஞ்சு வரும், முதல் சில தடவை சூடாகி இறங்கினப்புறம்தான் முழு பலன் தெரியும், போட்ட உடனே பாத்துட்டு இது சரியில்லன்னு கழட்டிடாதீங்க. போலி நிறைய சுத்துது, நம்பகமான இடத்துல வாங்குங்க.

பேஸ்ட் டப்பா மேல போட்டிருக்கற கடத்துத்திறன் நம்பரை வச்சு மட்டும் வாங்காதீங்க, ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமா அளக்குறாங்க, ஆர்க்டிக் எம்எக்ஸ்-6க்கு அந்த நம்பரைப் போடுறதையே விட்டுட்டாங்க. டூத்பேஸ்ட் போட்டாலும் வேலை செய்யும்னு காட்டுற வீடியோவையெல்லாம் நம்பாதீங்க, அதுல உள்ள தண்ணி காஞ்சதும் வெறும் பொடிதான் மிஞ்சும்.

மாட்டும்போது கூலர் அடில உள்ள பிளாஸ்டிக் ஏட்டை உரிச்சாச்சான்னு பாருங்க, எவ்ளோ நல்ல பேஸ்ட்டும் அதுக்கு மேல நின்னா வீண். நாலு ஸ்க்ரூவையும் குறுக்கு மூலை குறுக்கு மூலையா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க, ஒரு பக்கம் முழுசா இறுக்கிட்டு அடுத்த பக்கம் போனா பேஸ்ட் ஒரு பக்கமா ஒதுங்கிடும். பழசு துடைக்க 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், மொபைல் சர்வீஸ் சாமான் விக்கிற கடைல கிடைக்கும், பஞ்சு வேணாம் இழை ஒட்டும்.

சரியா உக்காந்திருக்கான்னு பாக்க கூலரைத் தூக்கிப் பாக்காதீங்க, தூக்கின அந்த நிமிஷமே காத்து உள்ள வந்துடும், மறுபடி துடைச்சு மறுபடி போடணும். கனமான வேலை (லோடு) குடுத்துட்டு ஒவ்வொரு கோர் வெப்பநிலையையும் தனித்தனியா பாருங்க, ஒன்னு மட்டும் மத்ததைவிட பதினஞ்சு இருபது டிகிரி மேல நின்னா அங்க பேஸ்ட் போய்ச் சேரலன்னு சந்தேகப்படலாம். ரைசன் 7000ல பெரிய மாடல் 95 காட்டினா உடனே பேஸ்ட் மேல பழி போடாதீங்க, முழு லோடுல அது வரைக்கும் போற மாதிரிதான் ஏஎம்டி டிசைனே பண்ணியிருக்காங்க. ரூம் வெப்பத்தையும் சேத்துக்கணும், சென்னைல மே மாசம் ஏசி இல்லாத ரூம்ல எடுத்த நம்பரை 22 டிகிரி லேப்ல எடுத்த ரிவ்யூ நம்பரோட அப்படியே ஒப்பிட முடியாது, ரூம்ல எத்தனை டிகிரி கூடுதோ கிட்டத்தட்ட அத்தனை இங்கயும் கூடும்.

கழட்டுறவங்களுக்கு ஒன்னே ஒன்னு, ஏஎம்4 மட்டும். அதுல காலு (பின்) ப்ராசஸர்லதான் இருக்கு, சாக்கெட்ல லீவர் பூட்டியிருந்தாலும் காஞ்ச பேஸ்ட் பிடிச்சு இழுத்தா ப்ராசஸரே கூலரோட ஒட்டிக்கிட்டு பிடுங்கிட்டு வந்து கால் வளைஞ்சிடும். கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் கேமோ ரெண்டரோ ஓட்டி சூடாக்கி, ஆஃப் பண்ணி, பவர் வயரை உருவிட்டு, ஸ்க்ரூவைக் கழட்டி, கூலரை இடமும் வலமும் மெதுவா திருகுங்க, பிடி விட்டது கைக்குத் தெரிஞ்சப்புறம் மேல தூக்குங்க.